ஏப்ரலில் சொல்லிக்கொண்டு போனவர்கள்

ஒத்திலியா ரென்தெரியா பல்கலைக்கழகத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர் கடன்பட்டிருந்தாள். வருடம் 1978, வயது பத்தொன்பது. அந்தப் பணத்தை அவள் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை, கையால் தொடவும் இல்லை. ஏப்ரலில் ஊரைவிட்டுப் போனாள், அக்டோபரில் திரும்பி வந்தாள், வந்து பார்த்தால் கடன் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

தெற்கு எல்லையோரத்து எங்கள் ஊர் லாஸ் நோரியாஸில் ஏப்ரல் என்றால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வெங்காய அறுவடை முடிந்ததும் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு, நாயை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, குடும்பம் குடும்பமாக வடக்கே மிச்சிகனுக்குக் கூலிவேலைக்குக் கிளம்பிவிடுவோம். மூன்று நாள் வண்டிப் பயணம். முதலில் ஸ்ட்ராபெர்ரி, பிறகு செர்ரி, பிறகு வெள்ளரி, கடைசியில் ஆப்பிள். இந்த நாடு கடித்துத் தின்ற வெள்ளரிக்காய் ஊறுகாயில் பாதி எங்கள் கைபட்டது என்று சொன்னால் அதில் கொஞ்சம்கூடப் பெருமையடிப்பு இல்லை, கணக்கு அப்படி. அந்தப் பல்கலைக்கழகத்தின் செங்கல்லை அடுக்கியவர்களும் எங்கள் ஆட்கள்தான். உள்ளே உட்கார்ந்து படிக்கத்தான் ரொம்ப நாள் ஆயிற்று.

அப்படிக் கிளம்பும்போது சொல்லாமல் போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. எந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தோமோ அந்த வீட்டில் நேரில் போய் நின்று, கை கொடுத்து, "போய் வருகிறோம்" என்று சொல்ல வேண்டும். காகிதத்தில் எழுதி நீட்டினால் அது மரியாதைக் குறைவு. ஒத்திலியாவும் அப்படித்தான் செய்தாள். ஐந்து ஆசிரியர்களையும் தேடிப் போனாள். ஆளுக்கு ஆறு தமாலே, சோளமாவுக்குள் பன்றிக்கறி வைத்து சோளமட்டையில் சுற்றி அவித்தது, அம்மா கட்டிக் கொடுத்தாள். ஐந்து பேரும் கை குலுக்கி, பத்திரமாகப் போய் வா என்றார்கள். அலுவலகத்தில் ஒரு படிவம் இருக்கிறது, அதை நிரப்பாமல் போனால் பாடம் எல்லாம் தோல்வி, கட்டணம் முழுதும் பாக்கி என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. வாயால் சொல்லியாயிற்று, அதற்குமேல் என்ன?

அக்டோபரில் பாக்கியைக் கட்டினால்தான் வகுப்பில் சேரலாம் என்றார்கள். எலுமிச்சை தரம் பிரிக்கிற கொட்டகையில் நின்றாள். இரண்டு வருடம். கடைசி டாலரைக் கட்டிவிட்டு அதே முதல் வருட வகுப்பில், தன் தங்கை வயதுப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தாள். அதன்பிறகு அவள் நின்றதே கிடையாது. பள்ளிக்கூட ஆசிரியை, தலைமையாசிரியை, வெளி மாநிலத்தில் டாக்டர் பட்டம், ஒரு கல்லூரியில் துறைத் தலைவி, இன்னொன்றில் துணைத் தலைவி. ஐம்பத்தேழாவது வயதில் லாஸ் நோரியாஸுக்கே பல்கலைக்கழகத் தலைவராக வந்து சேர்ந்தாள். எலுமிச்சைக் கொட்டகையிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்தவள் இந்த மாநிலத்தில் வேறு யாராவது உண்டா, காட்டுங்கள் பார்க்கலாம்.

நாற்காலி என்னமோ இருந்தது, அவள்தான் அதில் உட்காரவில்லை. தொலைபேசியில் பேசினால் நடப்பாள். கோப்பைப் படித்தால் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டே படிப்பாள். மதியச் சாப்பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பறை வகுப்பறையாக எட்டிப் பார்ப்பாள். செயலாளர் சோலே முப்பது வருடமாக அந்த அறை வாசலில் உட்கார்ந்து ஆறு தலைவர்களைப் பார்த்தவள். போன ஐந்து பேருக்கும் நாற்காலி மெத்தை மாற்றியதாகவும், இந்த அம்மாவுக்குத்தான் தரை விரிப்பு மாற்ற வேண்டியிருக்கிறது என்றும் காவலாளியிடம் சொல்லிச் சிரிப்பாள். ஊர்க்காரர்களுக்கு அவள் டாக்டரம்மா. முட்டி வலிக்கு என்ன போடலாம் என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களையும் நிற்க வைத்துப் பேசி, வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் விடுவாள். முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர் கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

வந்த ஏழாவது மாதம், மார்ச் கடைசி வாரத்துத் திங்கட்கிழமை, சிரிலோ அர்ரியோலா வந்தார். அறுவடைக் கூலி, ஐம்பத்தெட்டு வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தொப்பி கையில். மகள் நெரெய்தா வைத்திருந்த ஆயிரத்து நூற்று நாற்பது டாலர் பாக்கியைக் கீழே கவுண்டரில் அப்போதுதான் கட்டியிருந்தார். அந்தப் பாக்கியால் மூன்று வருடமாக மகளின் மதிப்பெண் சான்றிதழை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றிக்கொண்டிருந்தாள். இப்போது பக்கத்து ஊர் நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்து, சான்றிதழ் கேட்டார்கள். கட்டிவிட்டார், வாங்கிவிட்டார். இன்னும் ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது.

"கீழ மிஷின் துப்புன ரசீதுதான் குடுத்தாங்க, டாக்டரம்மா. அத வெயில்ல ரெண்டு நாள் வச்சா வெள்ளைக் காகிதமாயிரும். நாளைக்கு என் மகளை எவனும் பாக்கிக்காரின்னு சொல்லக்கூடாது. நீங்க பேனாவால ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

ஒத்திலியா பேனாவை எடுத்தாள். பாக்கி எப்படி வந்தது என்று கேட்டாள். ஏப்ரலில் கிளம்பியதால்தான் என்றார் அவர். பேனா அங்கேயே நின்றது. நெரெய்தா ஆசிரியர்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டாள்.

சிரிலோவின் முகம் சிவந்துவிட்டது. "சொல்லாம கொள்ளாம ஓடுறதுக்கு நாங்க என்ன கோழி திருடங்களா? நாலு வாத்தியார்கிட்டயும் நேர்ல போய்ச் சொல்லிட்டுத்தான் வந்தா. அவ அம்மா தமாலே கட்டிக் குடுத்தா. கணக்கு வாத்தியாரு அங்கயே பிரிச்சுத் தின்னுட்டு, இன்னும் ரெண்டு இருக்கான்னு கேட்டாராம்."

ஒத்திலியா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் மடிக்காமல், இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனார். அவர் படி இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

"வண்டிய வித்துட்டாரும்மா," என்றாள் சோலே. "அதுல வந்த காசுதான் இது."

நடை அன்று நிற்கவில்லை. நாற்பது வருடத்துக்குமுன் தன் தலையில் விழுந்த அதே கல், அதே மாதத்தில், இன்னொரு பெண்ணின் தலையில் விழுந்திருக்கிறது. அதற்கு ரசீது போட்டுக் கொடுத்தது தன் கை. சாயங்காலம் வங்கியில் போய் ஆயிரத்து நூற்று நாற்பது டாலர் எடுத்தாள். நேராகச் சிரிலோவின் வீட்டுக்குப் போனாள்.

அவர் முற்றத்தில் பழப்பெட்டி மேல் உட்கார்ந்து மண்வெட்டிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். வண்டி நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. மனைவி காப்பி கொண்டுவந்தாள். விஷயத்தை அவள்தான் சொன்னாள். வண்டியை வாங்கியது அவளுடைய தம்பி. சனிக்கிழமை பொழுது சாயும்வரை வைத்திருப்பான், அதே காசைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுப்பான். தவறினால் எல்லை தாண்டி மோன்டெர்ரே போகிற வியாபாரியிடம் விட்டுவிடுவான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மிச்சிகனுக்குக் கிளம்ப வேண்டும். வண்டி இல்லையென்றால் கங்காணியின் பஸ். பஸ்ஸில் ஏறிவிட்டால் அவன் சொல்கிற தோட்டம், அவன் காட்டுகிற கொட்டகை, கூலியில் அவன் பிடித்துக்கொண்டது போக மீதி. இருபத்திரண்டு வருடமாகச் சிரிலோ சொந்த வண்டியில் போய், பிடித்த தோட்டத்தில் இறங்கி, பிடிக்காவிட்டால் ஏறி வந்த மனுஷன்.

ஒத்திலியா உறையை நீட்டினாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அரத்தைக் கீழே வைத்தார்.

"நான் ரசீதுக்கு வந்தேன், டாக்டரம்மா. பிச்சைக்கு வரல. எடுத்து உள்ள வைங்க."

அப்போதுதான் அவள் முதல்முறையாக வாய் திறந்து தன் கதையைச் சொன்னாள். 1978, ஐந்து ஆசிரியர்கள், எலுமிச்சைக் கொட்டகை, எல்லாம். மனைவி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். சிரிலோ கேட்டு முடித்துத் தலையாட்டினார்.

"நீங்க கட்டினீங்கள்ல?"

"கட்டினேன்."

"நானும் கட்டிட்டேன். அப்புறம் என்ன? காப்பி ஆறுது, குடிங்க."

குடித்துவிட்டுத் திரும்பினாள். தன் காசு அவரிடம் செல்லாது. செல்லுகிற காசு ஒன்றே ஒன்றுதான், வாங்கிய இடமே திருப்பிக் கொடுக்கிற காசு. அதற்கு, வாங்கியது தப்பு என்று பல்கலைக்கழகம் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குள் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் இருந்த எல்லா விதிப் புத்தகங்களையும் சோலே மேஜையில் அடுக்கினாள். மாணவர்களுக்கான கையேட்டில் படிவம் என்றுதான் இருந்தது. ஆசிரியர்களுக்கு ஒரு தனிக் கையேடு உண்டு, யாரும் பிரிக்காதது, தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது விதி. ஒரு மாணவர் படிப்பை நிறுத்திப் போகிறேன் என்று ஆசிரியரிடம் நேரில் சொன்னால், அந்த ஆசிரியர் மூன்று வேலை நாளுக்குள் பதிவாளருக்குச் சீட்டு அனுப்ப வேண்டும், சொன்னவர் பேரில் பாக்கி எதுவும் போடக் கூடாது. பல்கலைக்கழகம் தொடங்கிய வருடத்து விதி. யாரும் நீக்கவும் இல்லை, பின்பற்றவும் இல்லை.

அதாவது எங்கள் ஆட்கள் செய்ததுதான் சரி. சீட்டு எழுதாதவர்கள்தான் கடன்காரர்கள்.

"ஆனா சொன்னாங்கங்கறதுக்கு என்னம்மா சாட்சி? தமாலேயா?" என்றாள் சோலே. சொன்ன பிறகு அவளே யோசித்தாள். கணக்கு ஆசிரியர் டார்வர் போன வருடம்தான் ஓய்வு பெற்றார், எதையும் தூக்கிப் போடாத மனிதர், ஓய்வு நாளன்று இரண்டு கைவண்டி நிறையப் பழைய காகிதம் கொண்டுபோனார் என்றாள்.

டார்வர் வெள்ளைக்காரர், மனைவி இல்லாத ஒண்டிக்கட்டை. கார் ஷெட்டுக்குள் காருக்கு இடமில்லை, பெட்டிகள்தான். வகுப்புப் பதிவேடுகள் வருடவாரியாக அடுக்கியிருந்தன. நெரெய்தாவின் வருடத்தை எடுத்து ஏப்ரலைத் திருப்பினார். பெயருக்கு எதிரே பென்சிலால் எழுதியிருந்தது: ஏப்ரல் 12, குடும்பத்தோடு மிச்சிகன் போகிறாள், விடைபெற்றாள், தமாலே பிரமாதம். அதற்குக் கீழே இன்னும் எட்டுப் பெயர். முந்தின வருடத்தில் பதினொன்று.

ஏன் சீட்டு அனுப்பவில்லை என்று ஒத்திலியா கேட்டாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்கள் வந்து கை கொடுத்தது வெறும் நல்ல பழக்கம் என்று நினைத்ததாகச் சொன்னார். இவ்வளவு அழகாக விடைபெறுகிறவர்கள் அலுவலகத்திலும் சொல்லியிருப்பார்கள் என்று நம்பினாராம். பிறகு மெதுவாக, தனக்குப் பிடித்ததால்தான் தமாலே வாரியாகக் குறித்து வைத்ததாகவும், அது யாருக்காவது உதவும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை என்றும் சொன்னார். அவள் ஏழு வருடப் பதிவேடுகளைக் காரில் ஏற்றினாள். கிளம்புமுன் 1978-ஐயும் தேடினாள். அந்த வருடம் டார்வர் இந்த ஊருக்கே வந்திருக்கவில்லை. அவளுடைய ஐந்து ஆசிரியர்களும் செத்துப்போயிருந்தார்கள்.

புதன்கிழமை நிர்வாகக் குழுத் தலைவர் பால்தெராஸைப் பார்க்கப் போனாள். இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒன்பது டயர் கடை வைத்திருப்பவர். அவரும் வடக்கே சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு வெட்டப் போன குடும்பம்தான். டயர் அடுக்குகளுக்கு நடுவில் நிற்க வைத்தே பேசினார்.

"எனக்கு எவனும் ஒரு சதம் தள்ளுபடி பண்ணல, ஒத்திலியா. என் பிள்ளைகளுக்கும் பண்ணல. கட்டி வளர்ந்தவன் நான். நீங்க கதவத் தொறந்து விட்டா நாளைக்கு வரிசை ஆத்தங்கரை வரைக்கும் நிக்கும்."

"தள்ளுபடி கேக்கல. நாம தப்பா வாங்கினத திருப்பிக் குடுக்கணும்னு கேக்கறேன்."

"உங்க வேலை ஒப்பந்தமும் நாளைக்குத்தான் ஓட்டுக்கு வருது. ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கிறது என்றாள். அதனால்தான் முதல்நாளே வந்து முகத்துக்கு நேராகச் சொல்கிறேன் என்றாள். அவர் ஒரு டயரைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒப்பந்தம் போனால் போகிற இடம் இல்லாத பெண் இல்லை அவள். ஆனால் வேறெந்த ஊரிலும் அவளுக்கு ஏப்ரல் கிடையாது. வீட்டுக்குப் போகாமல் வளாகத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், புல்லுக்குத் தண்ணீர் விடுகிற தோட்டக்காரன் அவளுக்காக மூன்று முறை குழாயை இழுத்து வழிவிட்டான்.

குழுவில் ஒன்பது பேர். வியாழக்கிழமை அவள் பேச்சு எதுவும் தயாரித்துக்கொண்டு போகவில்லை. பதிவேடுகளைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே வாசித்தாள். தேதி, பெயர், போகிற ஊர், கொண்டுவந்தது. பன்றிக்கறித் தமாலே. கோழித் தமாலே, கொஞ்சம் காரம். ஒரு பை ஆரஞ்சு. முதல் பத்துப் பெயருக்குச் சிரித்தார்கள். இருபதுக்குமேல் சிரிப்பு நின்றது. அறுபத்து மூன்று பெயர்களையும் வாசித்து முடித்தபிறகு நாற்பத்தோராம் பக்கத்தை வாசித்தாள். மூன்று நாளில் எழுத வேண்டிய சீட்டு, அறுபத்து மூன்றில் ஒன்றுகூட எழுதப்படவில்லை. இந்த அறுபத்து மூன்று பேர் மீதும் பாக்கி போட்டதும் தப்பு, வசூலித்ததும் தப்பு என்றாள்.

வழக்கறிஞர் எழுந்து, ஒப்புக்கொண்டால் பழைய வருடங்களும் கிளம்பும் என்று எச்சரித்தார். பால்தெராஸ் கையைக் கட்டிக்கொண்டு, இந்த விஷயத்தில் சொந்த லாபம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றார். ஒத்திலியா மூன்றடி நடந்து திரும்பினாள்.

"நான் இருக்கேன். 1978. முந்நூத்திப் பன்னெண்டு டாலர். கட்டி முடிச்சிட்டேன்."

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பால்தெராஸ் புருவத்தைத் தூக்கினார். "பல்கலைக்கழகத் தலைவரே பாக்கிக்காரியா இருந்திருக்கீங்க."

"இருந்தேன். கட்டினது பெருமைன்னு நாப்பது வருஷம் நெனச்சிருந்தேன், பால்தெராஸ் ஐயா. நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்க. கேட்டவங்களுக்குக் கேக்க உரிமையே இல்லைன்னு முந்தாநாள்தான் தெரிஞ்சுது. எனக்கு ஒண்ணும் திருப்பித் தர வேண்டாம், சாட்சி இல்ல. சாட்சி இருக்கிறவங்களுக்குக் குடுங்க."

ஐந்துக்கு நான்கு. பால்தெராஸ் எதிர்த்துத்தான் கை தூக்கினார். ஏழு வருடம் வரைக்கும் மட்டும், பதிவேட்டில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வெட்டிக் குறைத்தார்கள். இனி நேரில் சொன்னாலே போதும் என்பது நின்றது, பாக்கிக்காகச் சான்றிதழை நிறுத்துவதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். நான்கு வருடம் கேட்டிருந்த அவளுடைய ஒப்பந்தத்தை ஒரே வருடத்துக்கு நீட்டினார்கள். வெளியே வரும்போது பால்தெராஸ் அவள் பக்கம் பார்க்காமல், தமாலே வாசித்தது நியாயமில்லாத அடி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை நிதி அதிகாரி, காசோலை தயாராக ஆறு வாரம் ஆகும் என்றார். அவள் உட்காரவில்லை, அவரையும் உட்கார விடவில்லை. ஆறு வாரத்தில் சிரிலோ எந்தத் தோட்டத்தில் குனிந்திருப்பார் என்று கேட்டாள். அறுபத்து மூன்று சீட்டு எழுதாத இடம், ஒரு சீட்டை இன்றைக்கு எழுதட்டும் என்றாள். கவுண்டரில் அன்றன்றைக்கு வசூலாகிற ரொக்கம் இருந்தது, வண்டி நிறுத்தக் கட்டணம், சாப்பாட்டுக்கூடக் காசு. குழுவின் தீர்மானத்தைக் காட்டி, தலைவர் தன் பொறுப்பில் எழுத்துமூலம் உத்தரவு கொடுத்தால் ரொக்கமாகக் கொடுக்க வழி உண்டு என்று அவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சோலே தன் காரிலேயே போய்ச் சிரிலோவைக் கூட்டி வந்தாள். கவுண்டர் முன்னால் வந்தவர் தொப்பியைக் கழற்றவில்லை.

"இது யாரு பணம்?" என்று கேட்டார், கண்ணை ஒத்திலியா மேல் வைத்து.

"என் பணம் இல்ல. உங்க மகள் சரியாத்தான் சொல்லிட்டுப் போனா. தப்பு இங்க நடந்துச்சு. நேத்து ஒம்பது பேர் கூடி எழுதியிருக்காங்க."

நம்பவில்லை. படித்துக் காட்டச் சொன்னார். காசாளர் ஓல்கா தீர்மானத்தை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு எங்கள் ஸ்பானியப் பேச்சிலும் படித்தாள். பிறகு பதிவேட்டைத் திருப்பிக் கண்ணாடிக்கு இப்புறம் நீட்டினாள். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது, மகளின் பெயர் மட்டும் தெரியும். அந்தப் பெயர்மேல் கட்டைவிரலை வைத்தார். பக்கத்தில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டார். தமாலே பிரமாதம் என்று எழுதியிருக்கிறது என்றாள் ஓல்கா. இதை வீட்டில் சொல்லக் கூடாது, சொன்னால் மிச்சிகன் வரைக்கும் தன் மனைவியின் வாய் ஓயாது என்றார்.

மணி பதினொன்று. சனிக்கிழமை பொழுது சாய இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. ஒத்திலியா கவுண்டருக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். பணம் திருப்பிக் கொடுக்க இன்னும் அறுபத்திரண்டு பெயர் இருந்தது, பாதிப் பேருடைய விலாசம் மாறிப்போயிருந்தது.

உறையில் போட்டுத் தரட்டுமா என்று ஓல்கா கேட்டாள். வேண்டாம் என்றார் சிரிலோ. எல்லாரும் கேட்கும்படி வாய்விட்டு எண்ணச் சொன்னார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, காய்ப்பேறிய வலது உள்ளங்கையை விரித்துக் கவுண்டர் மேல் வைத்தார். ஓல்கா இருபது டாலர் நோட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து எண்ணினாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். முப்பதைத் தாண்டியதும் ஒத்திலியாவின் நடை நின்றது. ஐம்பத்தைந்து என்றாள் ஓல்கா. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழாவது நோட்டை வைத்ததும் சிரிலோ விரல்களை மடக்கினார்.